கணினி கேள்வி–பதில்: காலையில் மட்டும் காணாமல் போகும் டாங்கிள்

மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்ப்பதற்காக யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு சாதனமே உரிம டாங்கிள். கணினியை இயக்கியவுடன் அது அடையாளம் காணப்படாதது குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். திரையில் வரும் செய்தி ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் காரணங்கள் வேறு வேறானவை என்பதால், உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி எந்தக் கேள்வியோடு பொருந்துகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வடிவமைப்புப் பணிக்கான மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். யூஎஸ்பி டாங்கிள் செருகியிருந்தால்தான் அது திறக்கும். சில வாரங்களாகக் காலையில் கணினியை இயக்கியதும் ‘உரிமச் சாவி காணப்படவில்லை, எச்0007’ என்ற செய்தி வருகிறது. டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் உடனே வேலை செய்கிறது; ரீஸ்டார்ட் செய்தாலும் சரியாகிவிடுகிறது. டாங்கிளை விண்டோஸோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும் பயனில்லை. டாங்கிள் பழுதாகிவிட்டதா? புதியது கேட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதமே சான்று. உள்ளே சிப் பழுதாகியிருந்தால், பிடுங்கிச் செருகிய பிறகு அது மாலை வரை ஒழுங்காக வேலை செய்யாது. எச்0007 என்பது ஹாஸ்ப், சென்டினல் வகை டாங்கிள்களில் வரும் பிழை எண். உரிமத்தைச் சரிபார்க்கும் சேவை தேடிப் பார்த்தது, ஆனால் அதன் கண்ணுக்கு டாங்கிள் தென்படவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவுவதில் நேரத்தைச் செலவிடாமல், டாங்கிள் ஏன் அந்த நேரத்தில் மட்டும் தென்படவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

நீங்கள் எழுதியவற்றில் மிக முக்கியமான துப்பு, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பது. முழுவதுமாக அணைத்து மறுநாள் இயக்கினால் வராத டாங்கிள் வெறும் ரீஸ்டார்ட்டில் வருவது முரணாகத் தோன்றலாம்; ஆனால் விண்டோஸ் 8 முதல் சேர்க்கப்பட்டிருக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. இந்த வசதி செயலில் இருக்கும்போது ஷட்டவுன் என்பது முழுமையான ஷட்டவுன் அல்ல. பயனர் மட்டும் வெளியேற்றப்படுகிறார். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல், டிரைவர்கள், பின்னணியில் ஓடும் சேவைகள் ஆகியவற்றின் நிலை அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்து திரும்ப ஏற்றப்படுகிறது. உரிமச் சேவையும் அவ்வாறே முந்தைய நாளின் நிலையோடு எழுகிறது. இதற்கிடையில் மின்சாரம் போய்த் திரும்பிய டாங்கிளோ புதிதாகத் தொடங்குகிறது. இருவருக்கும் இடையில் அறிமுகம் மறுபடி நடக்க வேண்டும். பழைய டிரைவர்கள் சில அதைச் செய்யத் தவறுகின்றன. ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டும் விண்டோஸ் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்குவதால் கோளாறு மறைந்துவிடுகிறது.

இதை ஊகமாக விடாமல் கண்ணாலேயே பார்க்கலாம். நாளைக் காலை கணினியை இயக்கியதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியூ பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற எண்ணைக் கவனியுங்கள். இயக்கிச் சில நிமிடங்களே ஆன கணினி அங்கே நாலைந்து நாள்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினால், நீங்கள் இரவுதோறும் செய்த ஷட்டவுன் எதுவும் முழுமையானதல்ல. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு: இன்று மாலை ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுனைச் சொடுக்குங்கள்; அந்த ஒரு முறை மட்டும் கணினி முழுமையாக அணையும். மறுநாள் டாங்கிள் சிணுங்காமல் வந்துவிட்டால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டம் மங்கலாக இருந்தால், அதற்கு மேலே தற்போது மாற்ற இயலாத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பு ஒன்று இருக்கும். முதலில் அதைச் சொடுக்க வேண்டும். கணினி எழுவதற்குச் சில நொடிகள் கூடுதலாகும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அந்த வேறுபாட்டைப் பலர் உணரவே மாட்டார்கள்.

அப்படியும் தீராவிட்டால் அடுத்த சந்தேகம் போர்ட்டுக்கு வரும் மின்சாரத்தின் மீது. மாலையில் கணினியை அணைத்த பிறகு, உடனே எழுந்து போய்விடாமல், டாங்கிளில் உள்ள சிறு விளக்கைக் கவனியுங்கள். கணினி அணைந்த பிறகும் அது எரிந்துகொண்டிருந்தால், கைபேசியை மின்னேற்றுவதற்காக எப்போதும் மின்சாரம் தரும் போர்ட்டில் அதைச் செருகியிருக்கிறீர்கள். இரவு முழுவதும் மின்சாரம் அறுபடாததால், டாங்கிள் தான் நேற்று நின்ற நிலையிலேயே நிற்கும். கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸின் அமைப்பில் ‘ஈஆர்பி’ என்ற பெயரிலோ, அணைந்த நிலையில் யூஎஸ்பி மின்சாரம் என்பது போன்ற பெயரிலோ இருக்கும் விருப்பத்தைத் தேடி, அணைந்த நிலையில் போர்ட்டுக்கு மின்சாரம் செல்லாதபடி மாற்றுங்கள். அல்லது வேறு போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் மதர்போர்டிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும் பின்பக்கப் போர்ட்டுகளே நம்பகமானவை. முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு கேபிள் வழியாகச் செல்கின்றன, அந்த இணைப்பு தளர்வது அபூர்வமல்ல. தனி மின்னிணைப்பு இல்லாத ஹப், மடிக்கணினியின் டாக் ஆகியவற்றில் டாங்கிளைச் செருகுவதை நான் எப்போதும் தவிர்க்கச் சொல்வேன். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்கள் கணினிக்குச் சற்றுத் தாமதமாகவே தெரியவருகின்றன. பழைய டாங்கிளாக இருந்து, யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகியிருந்தால், கறுப்பு நிற 2.0 போர்ட் ஒன்றிலும் சோதித்துப் பாருங்கள்.

பவர் பிளானின் மேம்பட்ட அமைப்புகளில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை முடக்குவதும், டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பின் பண்புகளிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுப்பதும் இதே வரிசையில் சேரும். ஆனால் இவை கணினி தூங்கி எழும்போது வரும் கோளாறுக்கே அதிகம் பொருந்துபவை.

ஒரு வேண்டுகோள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள், செய்த பின் கணினியை முழுவதும் அணைத்து, சிறிது நேரம் விட்டு இயக்கிச் சோதியுங்கள். இந்தக் கோளாறுக்கு ரீஸ்டார்ட் ஒரு சோதனையே அல்ல, ஏனென்றால் உங்கள் கணினியில் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எல்லாமே எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. பழுது பார்க்க வருபவர்களிலும் பலர், டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, மென்பொருள் திறப்பதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை பழைய கதைதான்.

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிக்கு மாறினோம். பழைய கணினியில் பல ஆண்டுகள் உழைத்த டாங்கிள் இதில் விளக்குக்கூட எரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது. பிடுங்கிச் செருகினாலும் மாற்றமில்லை.

பதில்: இது முந்தைய கேள்வியிலிருந்து முற்றிலும் வேறானது, இங்கே டிரைவரே சிக்கல். பல வகை டாங்கிள்களில் டிரைவர் சரியாக ஏறிய பிறகுதான் விளக்கு எரியும் என்பதால், எரியாத விளக்கை மின்சாரம் வரவில்லை என்பதற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

மஞ்சள் முக்கோணத்தின் மீது இரட்டைச் சொடுக்குச் செய்தால் ஒரு எண் தெரியும். அதைப் பார்க்காமல் எதையும் செய்ய வேண்டாம். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவே இல்லை. 39 என்றால் டிரைவரை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இந்த எண் வந்தால் மட்டும் டாங்கிளை வேறொரு கணினியில் செருகிச் சோதிப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

விண்டோஸ் 11 உள்ள கணினிகளில் 39 வருவதற்குப் பெரும்பாலும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதியே காரணமாக இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’ பகுதியில், ‘கோர் ஐசோலேஷன்’ என்பதன் கீழ் அதைக் காணலாம். கெர்னலுக்குள் ஏறும் டிரைவர்களை அது கடுமையாகச் சோதிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட டாங்கிள் டிரைவர்கள் அந்தச் சோதனையில் தேறுவதில்லை. இணையத்தில் தேடினால் அந்த வசதியை அணைத்துவிடு என்ற அறிவுரைதான் முதலில் வரும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மென்பொருளுக்காகக் கணினி முழுவதன் காவலையும் தளர்த்துவது நியாயமான விலை அல்ல. தவிர, பெரும்பாலும் அதற்குத் தேவையும் இல்லை. மென்பொருளோடு குறுந்தட்டில் வந்த பழைய டிரைவரை விட்டுவிட்டு, டாங்கிளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்றைய பதிப்பைத் தரவிறக்கி நிறுவினாலே போதும். மென்பொருள் நிறுவனமும் டாங்கிள் நிறுவனமும் வேறு வேறு என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். அலாதீன் நிறுவனம் உருவாக்கிய ஹாஸ்ப் டாங்கிள்கள் பின்னர் சேஃப்நெட், ஜெமால்டோ எனக் கைமாறி இப்போது தாலேஸ் நிறுவனத்தின் சென்டினல் பெயரில் இருக்கின்றன. கோட்மீட்டர் டாங்கிள்கள் ஜெர்மனியின் விபு சிஸ்டம்ஸ் நிறுவனத்துடையவை. டாங்கிளின் மேல் எழுத்து அழிந்துபோயிருந்தால், டிவைஸ் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பாருங்கள். தயாரிப்பாளரைக் குறிக்கும் விஐடி என்பதற்குப் பின் 0529 இருந்தால் அது ஹாஸ்ப் குடும்பம். 064எஃப் இருந்தால் விபு.

நிறுவும் வரிசையும் முக்கியம். டாங்கிளைக் கழற்றி வையுங்கள், பழைய டிரைவரை நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதிய டிரைவரை நிர்வாகி உரிமையோடு நிறுவுங்கள், அதன் பிறகே டாங்கிளைச் செருகுங்கள். உங்கள் புதிய கணினி ஏஆர்எம் வகைச் செயலியில் இயங்குவதாக இருந்தால் மட்டும் இவை எதுவும் உதவாது. இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு எழுதப்பட்ட கெர்னல் டிரைவர் அதில் ஏறாது. அந்நிலையில் டிரைவர் தேவைப்படாத, விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்காக விண்டோஸிலேயே உள்ள எச்ஐடி டிரைவரால் இயங்கும் புதுவகை டாங்கிளுக்கு மாற்றித் தருவார்களா என்றும், அதனுடன் வரும் உரிமச் சேவையும் மென்பொருளும் அந்தச் செயலியில் ஓடுமா என்றும் மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கணினி எழுந்ததும் மென்பொருள் தானாகவே திறக்கும்படி வைத்திருக்கிறோம். டாங்கிள் விளக்கு எரிகிறது, ஆனால் எச்0033 என்ற பிழை வருகிறது. அதை மூடிவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் பிரச்சினை இல்லை.

பதில்: எச்0033 என்றால் உரிமச் சேவையோடே தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொருள். உங்கள் மென்பொருள் அவசரக்காரர்; சேவை எழுந்து கண்ணைத் துடைப்பதற்குள் கதவைத் தட்டிவிடுகிறார்.

சர்வீசஸ் பட்டியலைத் திறந்து ‘சென்டினல் எல்டிகே லைசென்ஸ் மேனேஜர்’ என்ற வரியைப் பாருங்கள். அதன் தொடக்க வகை ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்க வேண்டும். ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்ட் ஸ்டார்ட்)’ என்று யாராவது மாற்றியிருந்தால், மற்ற சேவைகள் தொடங்கியபின் இயல்பாக 2 நிமிடங்கள் கழித்துத்தான் அது தொடங்கும். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் சில கருவிகள் இந்த வேலையைச் செய்துவிடுகின்றன. அதே பண்புகளில் ‘ரெகவரி’ பக்கத்தில், சேவை முதல் முறை தோல்வியுற்றால் மீண்டும் தொடங்க வேண்டும் என்று அமைத்து வையுங்கள். கோட்மீட்டர் வகையில் நீங்கள் தேட வேண்டிய பெயர் ‘கோட்மீட்டர் ரன்டைம் சர்வர்’.

சேவை ஒழுங்காக இருந்தும் பிழை வந்தால் மென்பொருளைச் சற்றுத் தாமதிக்கச் செய்வதே வழி. ஸ்டார்ட்அப் கோப்புறையிலிருந்து அதன் குறுக்குவழியை நீக்கிவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் பயனர் உள்நுழையும்போது தொடங்கும்படி ஒரு பணியை உருவாக்கி, தாமதம் என்ற கட்டத்தில் 30 நொடி அல்லது 1 நிமிடம் கொடுங்கள். ஆன்டிவைரஸ் உரிமச் சேவையின் கோப்பைத் தனிமைப்படுத்தியிருக்கிறதா என்பதையும் அதன் வரலாற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு நிமிடம் கழித்தும் திறக்காது. ஆகவே உங்கள் நிலையில் இது நிகழ்ந்திருக்க வாய்ப்புக் குறைவு.

கேள்வி: ஒரு கணினியில் செருகிய டாங்கிளை நெட்வொர்க் வழியாக ஐந்து கணினிகள் பயன்படுத்துகின்றன. மின்தடைக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இயக்கினால் சிலவற்றில் மட்டும் உரிமம் கிடைப்பதில்லை.

பதில்: டாங்கிள் இருக்கும் கணினி முழுவதும் எழுந்த பிறகு மற்றவற்றை இயக்குங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். மீதிக்கு, பிரச்சினையுள்ள கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியை 1947 என்ற போர்ட் எண்ணோடு திறந்தால் சென்டினலின் நிர்வாகப் பக்கம் வரும். அதில் ‘சென்டினல் கீஸ்’ பட்டியலில் அந்த டாங்கிள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், அமைப்புப் பகுதியில் தொலைவிலுள்ள லைசென்ஸ் மேனேஜரைத் தேடும் இடத்தில் டாங்கிள் இருக்கும் கணினியின் ஐபி முகவரியை நேரடியாக எழுதிவிடுங்கள்; அறிவிப்பு அனுப்பித் தேடுவதைவிட இது உறுதியானது. அந்தக் கணினிக்கு மாறாத ஐபி முகவரி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரூட்டர் மாறிய பின் அல்லது மீண்டும் தொடங்கிய பின், விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என வகைப்படுத்தி ஃபயர்வாலை இறுக்கிவிடுவதும் உண்டு. சென்டினலுக்கு 1947, கோட்மீட்டருக்கு 22350 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று டாங்கிள் உள்ள கணினியில் சோதியுங்கள். கம்பியில்லா இணைப்பில் உள்ள கணினிகளே தடுமாறுகின்றன என்றால், உள்நுழைந்த பிறகுதான் அவற்றுக்கு நெட்வொர்க் கிடைக்கிறது; அவற்றுக்கு முந்தைய பதிலில் சொன்ன தாமதம் பொருந்தும்.

கேள்வி: உரிமம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. ஆனாலும் காலையில் ‘உரிமக் காலம் முடிந்தது’ அல்லது ‘கணினியின் நேரம் மாற்றப்பட்டுள்ளது’ என்கிறது. கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. இது எப்படி?

பதில்: அடுத்த முறை அந்தச் செய்தி வந்ததும் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய தேதி அங்கே இருந்தால், குற்றவாளி மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். மின்னிணைப்பையும் துண்டிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் அது விரைவில் தீர்ந்துபோகும். தீர்ந்த பேட்டரியோடு எழும் கணினி பழைய தேதியில் தொடங்குகிறது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் கோளாறு தானே நீங்கியதாகத் தோன்றுகிறது. அந்த இடைவெளியில் பாதுகாப்பான இணையத்தளங்களும் சான்றிதழ் பிழை காட்டும் என்பது இன்னொரு அடையாளம்.

பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. மின்கம்பியை முழுவதும் அகற்றிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் பயாஸில் தேதியைச் சரிபாருங்கள். நீங்கள் முன்பு செய்த பயாஸ் மாற்றங்கள் இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். காலவரையறை உள்ள உரிமங்கள், கடைசியாகப் பார்த்த நேரத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய நேரம் வந்தால் ஏமாற்று முயற்சி என்று கருதுபவை. தவறுதலாகத் தேதி எதிர்காலத்துக்குப் போய் அது பதிவாகிவிட்டால் உரிமம் முடங்கி, மென்பொருள் நிறுவனத்திடமிருந்து புதுப்பிப்புக் கோப்பு வாங்க நேரிடலாம். சில டாங்கிள்களுக்கு உள்ளேயே தனிக் கடிகாரமும் பேட்டரியும் உண்டு. அந்தப் பேட்டரி தீர்ந்தால் டாங்கிளையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் நேரே நிறுவனத்தை அணுகுங்கள்.

கேள்வி: இத்தனை தொல்லைக்குப் பதிலாக டாங்கிளே இல்லாமல் வேலை செய்யும் எமுலேட்டரைப் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். உரிமம் நான் வாங்கியதுதானே, தவறா?

பதில்: நீங்கள் ஏற்றுக்கொண்ட உரிம ஒப்பந்தம் பொதுவாக இதை அனுமதிப்பதில்லை. அதைவிட அருகில் உள்ள ஆபத்து ஒன்றுண்டு: எமுலேட்டர் என்பது யார் எழுதியது என்று தெரியாத, கெர்னலுக்குள் ஏறும் ஒரு டிரைவர். அதை ஏற்றுவதற்காகக் டிரைவர்களின் கையொப்பச் சோதனையையும், கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் ‘செக்யூர் பூட்’ வசதியையும் அணைக்கச் சொல்வார்கள். பிறகு அதை நீக்கினாலும் மிச்சம் இருக்கும் கோப்புகள் உண்மையான டாங்கிளை மறைத்துவிடுவது வழக்கமான ஒன்று. அடையாளம் காணப்படாத டாங்கிள் பற்றி எழுதுபவர்களிடம் ‘இதற்கு முன் எமுலேட்டர் எதுவும் நிறுவப்பட்டிருந்ததா’ என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினியை இயக்கினால் டாங்கிள் இல்லை என்கிறது; நேரில் போனால் இருக்கிறது.

பதில்: எச்0027 என்ற எண் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இது கோளாறல்ல; தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவருக்கு உரிமம் தரக் கூடாது என்று மென்பொருள் நிறுவனம் டாங்கிளிலேயே எழுதி வைத்திருக்கிறது. டிரைவரை மாற்றியோ போர்ட்டை மாற்றியோ இதைத் தீர்க்க முடியாது. தொலைநிலைப் பயன்பாட்டை அனுமதிக்கும் உரிமத்துக்கு மாற்றித் தரும்படி அவர்களிடம் கேளுங்கள்; பெரும்பாலும் டாங்கிளை அனுப்பாமலேயே, அவர்கள் தரும் ஒரு சிறு கோப்பைக் கொண்டு அதன் உள்ளடக்கத்தை உங்கள் இடத்திலேயே புதுப்பித்துவிட முடியும்.